ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்கள்: அறக்கட்டளைப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆராய்ச்சி

மருத்துவ ஆராய்ச்சிகளைப் பரிசீலித்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் வக்கீலுக்கு என்ன வேலை என்று என் ஜூனியர்களே கேட்பதுண்டு. 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள்படி அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். தலைவர் அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்த ஒருவர் கட்டாயம். மதுரையில் அப்படி ஒரு குழுவில் சட்ட உறுப்பினராக இருக்கிறேன். டாக்டர்கள் மருந்தின் அளவையும் பக்கவிளைவையும் அலசும்போது நான் பணம் தருபவரோடு போடும் ஒப்பந்தப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் அவை ஃபைலின் கடைசியில்தான் இருக்கும்.

மருந்துக் கம்பெனியின் பணம் என்றால் கூட்டத்தில் எல்லோருமே உஷாராகிவிடுவார்கள். பணம் தருவது அறக்கட்டளை என்று தெரிந்தால் கேள்விகள் பாதியாகக் குறைந்துவிடும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பது நமக்கு ஊறிப்போன பழக்கம். மாட்டுக்கு அது சரி. ஆராய்ச்சிப் பணத்துக்குச் சரிவராது.

பெயரில் அறக்கட்டளை என்று இருப்பதால் மட்டும் ஒன்றும் நிரூபணமாகிவிடாது. 1960-களில் அமெரிக்காவில் 'சர்க்கரை ஆராய்ச்சி அறக்கட்டளை' என்று ஒன்று இருந்தது. சர்க்கரை ஆலைக்காரர்களின் அமைப்பு அது. ஹார்வர்டு ஆராய்ச்சியாளர்களுக்கு 6,500 டாலர் கொடுத்து ஒரு கட்டுரை எழுத வைத்தது. மாரடைப்புக்குக் காரணம் கொழுப்புதான் என்று அழுத்தி, சர்க்கரையைத் தப்பவிட்ட அந்தக் கட்டுரை 1967-இல் முன்னணி மருத்துவ இதழில் வந்தது. பணம் கொடுத்தது யார் என்ற குறிப்பு அதில் இல்லை. பழைய கடிதங்களைத் தோண்டி இன்னொரு பல்கலைக்கழகத்தார் இதை வெளியே கொண்டுவந்தது 2016-இல். அடுத்த ஆண்டே இன்னொன்று முளைத்தது: 'புகையற்ற உலகுக்கான அறக்கட்டளை'. ஆண்டுக்கு 8 கோடி டாலர் வீதம் 12 ஆண்டுகளுக்குத் தருவதாக இதற்கு உறுதி கொடுத்தது ஃபிலிப் மோரிஸ், அதாவது சிகரெட் கம்பெனி! அமெரிக்கா, கனடாவின் பொதுச் சுகாதாரக் கல்லூரித் தலைவர்கள் பலர் சேர்ந்து, இந்தக் காசு எங்களுக்கு வேண்டாம் என்று 2018 ஜனவரியில் அறிவித்தார்கள். இதுமாதிரி அறக்கட்டளைகளைக் கண்டுபிடிப்பது எளிது. யாருடைய பணம் என்று ஒரு படி பின்னால் போய்ப் பார்த்தால் போதும்.

உண்மையிலேயே நல்ல எண்ணத்தோடு வரும் பெரிய பணம்தான் சிக்கலானது. கேட்ஸ் அறக்கட்டளையை எடுத்துக்கொள்வோம். 1998 முதல் 2007 வரை அது உலக சுகாதாரத்துக்குக் கொடுத்த ஏறக்குறைய 895 கோடி டாலரில் 65 சதவீதம் வெறும் 20 அமைப்புகளுக்கே போனது என்று 2009-இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் மலேரியா பிரிவுத் தலைவராக இருந்த அரட்டா கொச்சி, இந்தப் பணத்தின் ஆதிக்கத்தில் மலேரியா விஞ்ஞானிகள் ஒரே கூட்டணிக்குள் அடைபட்டுப் போகிறார்கள், மாற்றுக் கருத்து சொல்ல ஆளில்லை என்று தன் மேலதிகாரிக்கு எழுதினார். 2008-இல் அது வெளியே கசிந்தது. முடிவை மாற்றி எழுதச் சொன்னார்கள் என்பதல்ல அவர் புகார். எந்தக் கேள்வியை ஆராய்வது என்பதைப் பணம் தீர்மானிக்கிறது என்பதுதான்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்பிவி தடுப்பூசி தொடர்பாக, 2009-இல் அதே அறக்கட்டளையின் பணத்தில் இந்தியாவில் இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று, பாத் என்ற அமைப்பு அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடத்தியது. ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகளில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த மரணங்களுக்கு ஊசி காரணமல்ல என்றே விசாரணை சொன்னது. ஆனால் ஒப்புதல் வாங்கிய லட்சணம் வெளியே வந்தது. ஆந்திராவில் பரிசீலித்த 9,543 படிவங்களில் 2,763-இல் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதி வார்டன்கள். பெற்றோர் பலருக்குச் சேதியே போகவில்லை. நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் இதை வெளுத்து வாங்கியது. தடுப்பூசி நல்ல தடுப்பூசி. அதைக் கொண்டுபோன விதத்தால் நம் ஊர்த் தாய்மார்கள் மனதில் இன்றும் ஒரு சந்தேகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை நடத்திய ஆய்வு. அதன் மையங்களில் ஒன்று ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இருக்கும் அம்பிளிக்கை. இரண்டு டோஸ் போதுமா, மூன்று வேண்டுமா என்பதுதான் கேள்வி. கம்மம் விவகாரம் வெடித்ததும் 2010 ஏப்ரலில் அரசு எல்லா ஹெச்பிவி ஆய்வுகளிலும் ஊசி போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டது. அதனால் ஏறக்குறைய 5,000 சிறுமிகள் ஒரே ஒரு டோஸோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடாமல் பத்து ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு டோஸே கிட்டத்தட்ட அதே பாதுகாப்பைத் தருகிறது என்று தெரிந்தது. 2022-இல் ஒரு டோஸ் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டதற்கு இதுவும் ஒரு முக்கிய ஆதாரம். தொடங்கும்போது யாரும் காசு கொடுத்துக் கேட்காத கேள்வி அது! எதிர்பாராமல் வந்த கேள்விக்குத் தொடர்ந்து பணம் கொடுத்தது அந்த அறக்கட்டளைக்குப் பெருமைதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரசு நிறுத்தியிராவிட்டால்?

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம். முதலில் நான் தேடுவது கட்டுரை வெளியிடும் உரிமை. வெளியிடுவதற்கு முப்பது நாள் முன்பு எங்களுக்குக் காட்டுங்கள் என்று பணம் தருபவர் கேட்டால் பரவாயில்லை. எங்கள் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்றிருந்தால் அந்த வரியை அடிக்காமல் நான் நகர மாட்டேன். டேட்டா யாருக்குச் சொந்தம், ரத்த மாதிரி நாட்டை விட்டுப் போகிறதா என்பது அடுத்தது. அப்புறம், யாரும் அதிகம் பேசாத ஒன்று: ஆய்வில் நோய் கண்டுபிடிக்கப்பட்டவருக்கு என்ன ஏற்பாடு? மேலூர், உசிலம்பட்டி பக்கம் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை, பிரஷர் பார்க்கிறார்கள். அளவு எகிறியிருந்தால் ஒரு சீட்டு எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொல்கிறார்கள். மாத்திரை வாழ்நாள் முழுக்க. அதன் செலவு அரசின் தலையில். கிராண்ட் மூன்று வருடத்தில் முடிந்துவிடும். மேல்செலவுக் கணக்கும் இப்படித்தான். கேட்ஸ் அறக்கட்டளை பல்கலைக்கழகங்களுக்கு 10 சதவீதம் வரைதான் மேல்செலவு தருகிறது. கட்டடம், கரண்ட், அலுவலக ஊழியர் செலவில் மிச்சத்தைக் கல்லூரிதான் சுமக்கிறது. தனியார் பணத்தில் நடப்பதாகச் சொல்லும் ஆராய்ச்சியில் நம் வரிப்பணமும் இருக்கிறது என்று நான் சொன்னால் டீன்களுக்குப் பிடிப்பதில்லை.

வெளிநாட்டுப் பணத்துக்கான எஃப்சிஆர்ஏ சட்டத்தை 2020-இல் இறுக்கினார்கள். வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கக்கூடாது என்பது அதில் ஒன்று. கட்டுப்பாடு தேவைதான். ஆனால் விளைவைப் பாருங்கள்: பெரிய நிறுவனத்தோடு சேர்ந்து கிராமத்தில் வேலை பார்த்த சின்னச் சின்ன அமைப்புகளுக்கு அந்த வழி அடைபட்டது.

உங்கள் தெருவுக்கு ஆய்வு என்று யாராவது வந்தால் ஒப்புதல் படிவத்தின் ஒரு நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து அல்லது சிகிச்சை தொடர்பான பரிசோதனை என்றால் அது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் சிடிஆர்ஐ பதிவேட்டில் இருந்தாக வேண்டும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அதில் தனிக் கட்டமே உண்டு. அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒப்பந்த நகலையே கேட்கலாம். வணிக ரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுக்கப் பார்ப்பார்கள். பெரிய பொதுநலன் இருந்தால் அதையும் தரலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. முதல் மனுவிலேயே அந்தப் பொதுநலன் என்ன என்பதை இரண்டு வரி எழுதிவிடுங்கள். மறுத்தால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு போடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.