சப்போர்ட்டர்ஸ் ட்ரஸ்ட்: ரசிகர் மன்றமும் இல்ல, அறக்கட்டளையும் இல்ல

இங்கிலாந்து ஃபுட்பால் பாக்குறவங்களுக்கு சப்போர்ட்டர்ஸ் ட்ரஸ்ட்ங்கற சொல் பழக்கமா இருக்கும். தமிழ்ல எழுதப் போனா சட்டுனு கைல வர்றது "ரசிகர் அறக்கட்டளை". அது ரெண்டு பக்கமும் பொருந்தலன்னுதான் நினைக்கிறேன்.

பொருள் இதுதான். ஒரு கிளப்ப நேசிக்கிற ஊர்க்காரங்க சந்தா கட்டி சங்கமா பதிவு பண்ணி, கிளப்போட பங்க கொஞ்சமோ முழுசாவோ வாங்கி, நிர்வாகத்துல தங்க ஆள உக்கார வைக்கப் பாக்குறாங்க. எவ்ளோ பணம் போட்டாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். 1992ல நார்த்தாம்ப்டன் டவுன் கிளப் கடன்ல தத்தளிச்சப்போ அந்த ஊர் ஆளுங்க ஆரம்பிச்சதுதான் முதல் ட்ரஸ்ட்.

இப்ப வேர். சப்போர்ட்ங்கறது லத்தீன்லேருந்து வந்தது, கீழேருந்து தாங்கி சுமக்குறதுன்னு அர்த்தம். ரசிகர் ரசத்துலேருந்து வந்தது, சுவைக்கிறவர். சுமக்குறவரும் சுவைக்கிறவரும் ஒண்ணில்லயே, அதனால "ஆதரவாளர்"தான் சரி. ட்ரஸ்ட் பழைய நார்ஸ் மொழிச் சொல், நம்பிக்கைன்னு பொருள், அப்புறம் சட்டத்துல ஒருத்தர நம்பி இன்னொருத்தர் நன்மைக்காக சொத்த ஒப்படைக்கிறதுக்கு அந்தப் பேர் வந்துச்சு. நம்ம கோயில் கட்டளை மாதிரி: அறங்காவலர் முடிவெடுப்பார், பயன்பெறுறவங்களுக்கு ஓட்டு கிடையாது.

ஆனா சப்போர்ட்டர்ஸ் ட்ரஸ்ட் பேர்ல மட்டும்தான் ட்ரஸ்ட். பெரும்பாலும் சட்டப்படி அது 'கம்யூனிட்டி பெனிஃபிட் சொசைட்டி', அதாவது கூட்டுறவுச் சங்கத்துக்கு கூடப்பொறந்தது, லாபத்த உறுப்பினருங்க பிரிச்சு எடுத்துக்க முடியாது. 1844ல இங்கிலாந்துல ராச்டேல்ங்கற ஊர்ல தொழிலாளிங்க சேர்ந்து கடை போட்டாங்களே, ஆளுக்கு ஒரு ஓட்டுன்னு, அந்த வழி. 1904ல திருவல்லிக்கேணில தொடங்கின டியூசிஎஸ்ங்கற கூட்டுறவுச் சங்கம் கூட அதே வழில வந்ததுதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் எக்ஸிடர் சிட்டிங்கற இங்கிலாந்து கிளப். 2003ல கிளப் கடன்ல முங்கி ஃபுட்பால் லீக்ங்கற மேல்மட்டப் போட்டிய விட்டே கீழ இறங்கிடுச்சு, அந்த நேரத்துல ட்ரஸ்ட்தான் கிளப்ப கைல எடுத்துச்சு, ஓனருக்கு பணம் இருந்தா கிளப் பிழைக்கும் இல்லன்னா போச்சுன்னு சும்மா உக்காந்திருக்கல அவங்க. 2005 ஜனவரில எஃப்ஏ கப் போட்டில மான்செஸ்டர் யுனைடெட்டோட சொந்த மைதானம் ஓல்ட் ட்ராஃபோர்டுக்கே போய் அவங்கள 0-0ன்னு நிறுத்தினாங்க, அதனால ரெண்டாவது ஆட்டம் எக்ஸிடர்லயே நடந்துச்சு, தோத்தாலும் அந்த ரெண்டு ஆட்டத்து வசூல் கடன அடைக்க பெரிய கை கொடுத்துச்சு. 2008ல லீக்குக்கு திரும்பிட்டாங்க. கைல காசு கம்மிங்கறதால வெளிய ஆள் வாங்காம அகாடமில பசங்கள வளத்தாங்க, 2024 யூரோ அரையிறுதில கடைசி நேரத்துல கோல் போட்டு இங்கிலாந்த ஃபைனலுக்கு கொண்டு போன ஓலி வாட்கின்ஸ் அங்க வளந்த பையன்.

இதே கிளப்புல 'கம்யூனிட்டி ட்ரஸ்ட்'னு இன்னொண்ணும் இருக்கு, குழப்பிக்காதீங்க. அது பதிவு பண்ணின தொண்டு நிறுவனம், பள்ளிப் பிள்ளைங்களுக்கு பயிற்சி, வயசானவங்களுக்கு ஓடாம நடந்தே ஆடுற ஃபுட்பால்னு ஊருக்குள்ள வேலை செய்யுது. அத அறக்கட்டளைன்னு தாராளமா சொல்லலாம்.

அதுக்காக சப்போர்ட்டர்ஸ் ட்ரஸ்ட்டுக்கு ஊர் மேல அக்கறை இல்லன்னு இல்ல. லண்டனோட விம்பிள்டன் கிளப்ப மில்டன் கீன்ஸ்ங்கற வேற ஊருக்கு மாத்த 2002ல அனுமதி குடுத்ததும் ஆதரவாளருங்க புதுசா ஏஎஃப்சி விம்பிள்டன தொடங்கினாங்க, அதோட பெரும்பங்கு அவங்களோட சப்போர்ட்டர்ஸ் ட்ரஸ்டான டான்ஸ் ட்ரஸ்ட் கைல. 2020 கொரோனா ஊரடங்குல அந்த ஆதரவாளருங்கதான் ஒண்ணு சேந்து அக்கம்பக்கத்துல கஷ்டப்பட்ட வீடுகளுக்கு மளிகைப் பை கொண்டு போய் குடுத்தாங்க, வீட்லேருந்து படிக்கிற பிள்ளைங்களுக்கு லேப்டாப்பும் தேடிப் பிடிச்சு குடுத்தாங்க.

அதனால நான் எழுதுறது "ஆதரவாளர் கூட்டுறவுச் சங்கம்". நீளமா இருக்குன்னு நடுவுல உள்ள கூட்டுறவ வெட்டிடாதீங்க, வெறும் ஆதரவாளர் சங்கம்னா மேட்ச்சுக்கு பஸ் ஏற்பாடு பண்றவங்களும் அதுல வந்துடுவாங்க, ஓட்டும் பங்கும் இருக்குன்னு சொல்றது அந்த ஒரு சொல்தான்.