ஸ்ட்ரெஸ்னா ‘மன அழுத்தம்’ இல்லைங்க, உளைச்சல்

காரைக்குடி, தேவகோட்டை பக்கமிருந்து கைலாஷ் யாத்திரை, லடாக் டூர்னு கூட்டமா கிளம்புறாங்க. அப்படி ஒரு டூருக்குக் கொடுத்த அறிவுரைத் தாள்ல இப்படி ஒரு வரி: “உயரம் கூடும்போது அழுத்தம் குறைவதால் உடலில் அழுத்தம் அதிகரிக்கும், உயர் அழுத்தம் உள்ளவர்கள் கவனம்.” பக்கத்து வீட்டு ஆச்சி இதைப் படிச்சிட்டு, “அப்ப எனக்குப் பிரஷர் கூடுமா குறையுமாப்பா?”ன்னு கேக்குறாக. நியாயமான கேள்விதான். முதல் அழுத்தம் காத்தோடது, ரெண்டாவது ஸ்ட்ரெஸ், மூணாவது ரத்தக் கொதிப்பு. மூணுக்கும் ஒரே சொல்லைப் போட்டா ஆச்சி என்னத்தைப் புரிஞ்சுக்குவாக?

ஸ்ட்ரெஸ்ஸுக்குத் தமிழ்ல பொதுவா ‘மன அழுத்தம்’னுதான் எழுதுறாங்க. ஆனா அந்தச் சொல்லோட வேர் லத்தீன்ல ‘ஸ்ட்ரிங்கெரே’, இறுக்குறதுன்னு அர்த்தம். பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்து கஷ்டம்னு ஆகி, அப்புறம் இன்ஜினியருங்க கைக்குப் போச்சு. உடம்புக்கு இந்தச் சொல்லைப் பரப்பினவர் ஹான்ஸ் செலியேங்கிற மருத்துவ ஆராய்ச்சியாளர். எலிகளைக் குளிர்ல வச்சாலும், ஓயாம ஓடவிட்டாலும், மருந்தை அதிகமாக் கொடுத்தாலும் சிறுநீரகத்து மேல இருக்குற அட்ரீனல் சுரப்பி பெருசாகுது, நெஞ்சுல இருக்குற தைமஸ் சுரப்பி சுருங்குது, வயித்துல புண்ணு வருதுன்னு 1936ல நேச்சர் இதழ்ல எழுதினார். பின்னாடி அவர் ஸ்ட்ரெஸ்னு சொன்னது இதைத்தான். அவர் அறுத்துப் பாத்தது எலியோட சுரப்பியையும் வயித்தையும். இதுல ‘மன’ எங்க இருந்து வந்துச்சு?

மலை உயரத்தைப் பாருங்க, இன்னும் தெளிவாத் தெரியும். லடாக்ல இருக்குற லே ஊரு ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரம். அங்கயும் காத்துல ஆக்சிஜன் நூத்துக்கு 21 பங்குதான், நம்ம ஊர் மாதிரியே. ஆனா காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்குறதுல மூணுல ரெண்டு பங்குதான், அதனால ரத்தத்துல சேர்ற ஆக்சிஜன் குறையுது. ஆக்சிஜன் குறைவுதான் உயரத்துக்குப் போறவங்களுக்கு வர்ற மலை நோய்க்குக் காரணம்னு பால் பெர்ட்ங்கிற பிரெஞ்சு விஞ்ஞானி 1878லயே புஸ்தகம் போட்டு நிறுவிட்டார். கழுத்து ரத்தக்குழாய் பக்கத்துல இருக்குற ஒரு சின்ன உறுப்பு அந்தக் குறைவைக் கண்டுபிடிச்சதும் மூச்சு வேகமாகுது, அட்ரீனலின் சுரந்து நெஞ்சு படபடங்குது, சிறுநீரகம் சிவப்பணுவைக் கூட்டச் சொல்லி ஹார்மோன் அனுப்புது. மனசு குஷியா போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கும்போதே உடம்புக்குள்ள இவ்வளவும் நடக்குது. இதைப் போய் ‘மன அழுத்தம்’னு மொழிபெயர்த்தா, “நான் சந்தோஷமாத்தானே இருக்கேன், எனக்கு ஒண்ணும் வராது”ன்னு முதல் நாளே மேல ஏறிடுவாங்க, தலைவலியும் வாந்தியும் வந்த பிறகுதான் ஏதோ தப்புன்னு தெரியும்.

இன்னொரு கொடுமை, டிப்ரஷனுக்கும் பேப்பர்ல ‘மன அழுத்தம்’னே போடுறாங்க. அதுக்கு மனச்சோர்வுன்னு அருமையான சொல் இருக்கு. பரீட்சை பயத்துல இருக்குற பிள்ளைக்கும், மாசக்கணக்கா எழுந்திரிக்கவே முடியாமக் கிடக்குறவருக்கும் ஒரே பேர் வச்சா வைத்தியமும் ஒண்ணுன்னுதானே வீட்டுல நினைப்பாங்க?

சரி, வேற என்ன சொல்லலாம்? பள்ளிக்கூட இயற்பியல்ல ‘தகைவு’ன்னு இருக்கு, அது கம்பிக்கும் இரும்புத் தூணுக்கும் நல்ல சொல், அங்கயே இருக்கட்டும், ஒரு நோயாளிகிட்ட “உங்களுக்குத் தகைவு”ன்னு சொன்னா யாருக்கு விளங்கும். லத்தீன் வேருக்கு ரொம்பப் பக்கத்துல இருக்குறது ‘இறுக்கம்’, ஆனா ‘மன இறுக்கம்’னு ஆட்டிசத்துக்குப் புழக்கத்துல வந்துடுச்சு, திரும்ப ஒரு குழப்பம் வேணாம்.

எனக்குப் பட்டது உளைச்சல். கால் உளைச்சல், உடம்பு உளைச்சல்னு வீட்டுல தினமும் சொல்றோம், மன உளைச்சல்னும் சொல்றோம், ஒரே சொல் ரெண்டு பக்கமும் பொருந்துது, முன்னால உடல்னோ மனம்னோ போட்டா எதுன்னு தெளிவாயிடும். வலியை மட்டும்தானே குறிக்குதுன்னு சிலர் சொல்றாங்க. மன உளைச்சல்னு சொல்லும்போது யாரும் வலியை மட்டும் நினைக்கிறதில்லையே! ஸ்ட்ரெஸ்ஸை உண்டாக்குற குளிர், உயரம், கடன் இதுக்கெல்லாம் ‘நெருக்கடி’ன்னு வச்சுக்கிட்டா காரணமும் விளைவும் தனித்தனியா நிக்கும். டூர் தாள்ல இருந்த அந்த வரியையும் “மேல போகப் போகக் காத்தழுத்தம் குறையும், அதனால உடம்புக்கு உளைச்சல் வரும், ரத்தக் கொதிப்பு இருக்குறவங்க டாக்டரைப் பாத்துட்டு வாங்க”ன்னு எழுதிடலாம், ஒருத்தருக்கும் சந்தேகம் வராது.

மொழிபெயர்க்கிறவங்க அகராதியில முதல்ல கிடக்குற சொல்லை எடுத்து ஒட்டிட்டுப் போறதுதான் இத்தனைக்கும் காரணம். இதே உயரம் பத்தின செய்திகள்ல ‘தகவமைப்பு’ன்னு ஒரு சொல்லும் இப்படித்தான் மாட்டிக்கிட்டு முழிக்குது, ரெண்டு வேற வேற விஷயத்துக்கு இதையே போடுறாங்க. நம்மாளு லேயில நாலஞ்சு நாள் தங்கி மூச்சு சீராகுறது உடம்பு பழகுறது, கீழ இறங்குனா கொஞ்ச நாள்ல போயிடும். திபெத்துக்காரங்களுக்கு அப்படியில்லை, அந்த உயரத்துல வாழ்றதுக்கான மாற்றம் பல தலைமுறையா மரபணுவுலயே வந்திருக்கு, தகவமைப்புங்கிறது அதுக்குத்தான் சரி. முன்னதுக்குப் ‘பழகல்’னே எழுதுங்களேன்.