அடைக்கு நல்ல இலை, சங்குக்கு ஆகாது

மூன்று மாதக் குழந்தை. அம்மாவின் தோள் துண்டில் பச்சைக் கறை. பச்சை வாந்தி என்றாலே குழந்தை மருத்துவர்களுக்கு அடிவயிறு கலங்கும். குடல் அடைப்பில் பித்தம் ஏறி வருகிறதோ என்றுதான் முதலில் தோன்றும். துண்டை முகர்ந்து பார்த்தேன். இலை வாசனை.

"மாமியார் கல்யாண முருங்கைச் சாறு கொடுத்தாங்க டாக்டர், நெஞ்சுச் சளி எடுக்க."

இந்த மழைக்காலத்தில் இது நாலாவது.

அந்த மரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. முள் குத்தாமல் இலை பறித்து, நரம்பைக் கிள்ளிப் போட்டு, புழுங்கலரிசியும் மிளகும் சேர்த்து அரைத்த அடை என் வீட்டிலும் உண்டு. சுடச்சுட நாலு உள்ளே போகும். ஆனால் அது பல் முளைத்தவர்கள் பலகாரம்.

"சாறு ஊத்தினதும் கோழை கோழையா கக்கினான், அப்புறம் நல்லா தூங்கினான்" என்பார்கள். வந்தது நெஞ்சுச் சளி இல்லை. சாறு போவது இரைப்பைக்கு. சளி இருப்பது மூச்சுக்குழாயில். இரண்டும் வேறு வேறு குழாய். கைக்குழந்தைக்குக் காறித் துப்பத் தெரியாது, சளியை விழுங்கிவிடும். அப்படி வயிற்றில் கிடந்ததுதான் பாலோடும் சாறோடும் சேர்ந்து கோழையாக வெளியே வருகிறது. நெஞ்சில் உள்ளது நெஞ்சிலேயே இருக்கிறது. நல்லா தூங்கினானா? கக்கிக் களைத்துச் சுருண்டிருக்கிறான். இதைப் படம் போட்டுக் காட்டியே என் மருந்துச் சீட்டுக் கட்டு பாதி தீர்ந்துவிட்டது.

மூக்கைப் பிடித்துச் சங்கில் ஊற்றினால் குழந்தை அலறும். அலறலுக்கு நடுவே மூச்சை இழுக்கும்போது சாறும் உள்ளே போகும். அப்புறம் நிமோனியாதான். இந்தக் குழந்தை 5 நாள் ஆக்சிஜனில் கிடந்தது.

6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். கசப்புக்குத் தேன் குழைப்பதும் வேண்டாம். 1 வயதுக்குள் தேனே கூடாது. இன்னொன்று: பெயரில் முருங்கை இருக்கிறதே என்று இதன் காயைத் தொடாதீர்கள். அந்தச் சிவப்பு விதை விஷம். பிள்ளைகள் பொறுக்கி விளையாடினால் பிடுங்கி எறியுங்கள்.

பாட்டிமார்களே, சளி பிடித்தால் சங்கை வைத்துவிட்டுக் கடிகாரத்தை எடுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, முழுதாக 1 நிமிடம் மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, 1 வயதுக்குள் 50, 5 வயதுக்குள் 40. அதைத் தொட்டாலே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியதுதான். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ எண்ணிக்கொண்டும் நிற்காதீர்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் அந்தப் பாட்டி பேரன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாப்பத்திரண்டு டாக்டர். சரியா?"

சரிதான் பாட்டி.