கோட்டுக்குப் போகாவிட்டால் வழக்கு செத்துவிடுமா?

சீட்டுக் காசு, புறோநோட்டுக் கடன், கடைப்பாக்கி என்று யாழ்ப்பாணத்தில் நான் பார்க்கும் காசு வழக்குகளில், கையில் நல்ல நியாயம் இருந்தும் கோட்டுத் தவணைக்குப் போகாமலேயே தோற்றுப்போகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கவே மனம் கொதிக்கும்.

அழைப்பாணையை வாங்காவிட்டால் வழக்கு நடக்காது என்று இன்னமும் நம்புகிறார்கள். அதைக் கொண்டுவரும் நீதிமன்ற ஆளான பிஸ்கால் வந்தால் "ஆள் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆளிடம் கொடுக்க முடியவில்லை என்று அறிக்கை போனால், வீட்டில் ஒட்டிச் சேர்ப்பிக்கும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம், பிறகு கையில் வாங்கவில்லை என்ற கதை எடுபடாது. வழக்குக்கு முன் இணக்கம் பேசும் மத்தியஸ்த சபையில் எல்லாம் சொல்லிவிட்டேன்தானே என்று வீட்டில் இருந்துவிடுகிறவர்களும் உண்டு. இணக்கம் வரவில்லை என்று சபை சான்றிதழ் கொடுத்துவிட்டால், அங்கே சொன்னது கோட்டுக்கு வராது, இங்கே உங்கள் பக்கத்தை எழுத்தில் சொல்லும் மறுமொழியைப் புதிதாகப் போட வேண்டும்.

எதிராளி வராவிட்டால், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 84ஆம், 85ஆம் பிரிவுகளின்படி ஒருதலைப்பட்ச விசாரணை நடக்கும். அதற்காக வழக்காளி கேட்டது அப்படியே கிடைத்துவிடாது, அவரும் சாட்சியமோ சத்தியக்கடதாசியோ கொடுத்து நீதிபதியைத் திருப்திப்படுத்த வேண்டும். ஆனால் குறுக்குக் கேள்வி கேட்க அங்கே ஆளில்லை, நீங்கள் காசு திருப்பிக் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டுத் துண்டு உங்கள் அலுமாரிக்குள் இருப்பது நீதிபதிக்கு எப்படித் தெரியும்?

பிறகு தீர்ப்பாணையின் பிரதி வீட்டுக்கு வரும், அப்போதுதான் அந்தத் துண்டையும் எடுத்துக்கொண்டு ஓடிவருவார்கள். தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: அந்தக் கட்டத்தில் நீதிமன்றம் கேட்கும் முதல் கேள்வி கடன் கட்டினீர்களா என்பதல்ல, ஏன் வரவில்லை என்பதுதான். தீர்ப்பாணை கையளிக்கப்பட்டு 14 நாட்களுக்குள், 86(2) பிரிவின் கீழ், சத்தியக்கடதாசியோடு மனுப் போட்டு, வராததற்கு நியாயமான காரணம் இருந்தது என்று காட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடந்தீர்களா, டயக்னோசிஸ் காட் கொண்டு வாருங்கள். அந்த நேரம் கனடாவில் மகளோடு நின்றீர்களா, பாஸ்போட்டில் குத்திய முத்திரையைக் காட்டுங்கள். அழைப்பாணை கிடைக்கவே இல்லையா, அந்த விலாசத்தில் நீங்கள் இருக்கவில்லை என்பதற்கு ஏதாவது எழுத்தில் வேண்டும். காரணம் நிரூபணமானால் தீர்ப்பு நீக்கப்படும், செலவுத்தொகை கட்டச் சொல்லலாம், அதற்குப் பிறகுதான் உங்கள் துண்டுக்கு வேலை. 15ஆம் நாள் வந்து அழுதால் என்னால் செய்யக்கூடியது மிகக் குறைவு.

"சரி, மேன்முறையீடு செய்வோம்" என்பார்கள். வராமல் விட்டதால் வந்த தீர்ப்புக்கு எதிராக நேரே மேன்முறையீடு கிடையாது, 88ஆம் பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. மனுப் போட்டு அது மறுக்கப்பட்டால், அந்தக் கட்டளைக்கு எதிராக மேலே போகலாம்.

வங்கிக் கடன் என்றால் இன்னும் அவசரம். 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வங்கி போகும்போது, முதலிலேயே நிபந்தனைத் தீர்ப்பாணை ஒன்று (நீங்கள் வந்து காரணம் காட்டாவிட்டால் உறுதியாகிவிடும் தீர்ப்பாணை) வந்துவிடும், வழக்காட வேண்டுமென்றால் நீதிமன்றத்தின் அனுமதியைச் சத்தியக்கடதாசி போட்டு எடுக்க வேண்டும், அந்தத் தீர்ப்பாணையில் போட்டிருக்கும் திகதிக்கு முன்பே ஒரு சட்டத்தரணியிடம் அதைக் காட்டிவிடுங்கள்.