‘கன் பைபேக்’: தமிழில் எப்படிச் சொல்வது?

பொதுமக்களிடம் உள்ள துப்பாக்கிகளை அரசு பணம் கொடுத்துப் பெற்று அழிக்கும் ஏற்பாட்டை ஆங்கிலத்தில் ‘கன் பைபேக்’ என்கிறார்கள். தமிழ்ச் செய்திகளில் அது ‘துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கும் திட்டம்’ என்று வருகிறது. சொல்லுக்குச் சொல் சரிதான், பொருளில்தான் இடறுகிறது.

ஒரு பொருளைத் திரும்ப வாங்குபவர் முன்பு அதை விற்றவராக இருக்க வேண்டும். ஒரு நிறுவனம் தான் வெளியிட்ட பங்குகளைப் பங்குதாரர்களிடமிருந்து வாங்கும்போது ‘மீள்கொள்முதல்’ மிகப் பொருத்தமான சொல். துப்பாக்கியை அரசு விற்கவில்லை. ‘எங்களுக்கு விற்காததை எப்படித் திரும்ப வாங்குவீர்கள்?’ என்று அமெரிக்காவில் துப்பாக்கி உரிமையை வலியுறுத்துவோர் கேட்கிறார்கள். இத்தகைய திட்டங்களை ஆதரிக்கும் எனக்கும் அந்தக் கேள்வி நியாயமானதாகவே படுகிறது.

இந்த ஒரே சொல் இருவேறு செயல்களைக் குறிப்பதுதான் பெரிய சிக்கல். 1974இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரக் காவல்துறை ஒரு துப்பாக்கிக்கு 50 டாலர் கொடுத்தது. விரும்பியவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள், விரும்பாதவர்கள் வைத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவில் நடந்தது வேறு. 1996 ஏப்ரல் 28 அன்று டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். பிரதமர் ஜான் ஹோவர்ட் 12 நாள்களுக்குள் மாநிலங்களை இணங்கவைத்துத் தேசியச் சுடுகலன் உடன்பாட்டைக் கொண்டுவந்தார். தாமாகக் குண்டேற்றிக்கொள்ளும் பெரும்பாலான நீள்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன. சுமார் 6,50,000 துப்பாக்கிகள் ஒப்படைக்கப்பட்டு அழிக்கப்பட்டன. குடிமக்களின் உடைமையை நடுவண் அரசு எடுத்துக்கொள்ளும்போது நியாயமான ஈடு தர வேண்டும் என்று அந்நாட்டு அரசமைப்பின் 51ஆம் பிரிவு கூறுவதால், மருத்துவக் காப்பீட்டு வரியை ஓராண்டுக்கு 1.5 விழுக்காட்டிலிருந்து 1.7 ஆக உயர்த்தி அதற்கான பணத்தைத் திரட்டினார்கள். கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்ட 2019இல் நியூசிலாந்தும் இதே வழியில் சென்றது.

அதே ஆண்டில் அமெரிக்க அதிபர் வேட்பாளராக முயன்ற பெட்டோ ஓ’ரூர்க் ‘கட்டாய பைபேக்’ வேண்டும் என்றபோது, எதிர்த்தரப்பு அதைப் பறிமுதல் என்றது. அதுவும் துல்லியமான சொல் அன்று. பறிமுதலில் உடையவருக்கு ஈடு கிடைப்பதில்லை.

இந்த வேறுபாடுகளைக் காட்டும் சொற்கள் தமிழில் முன்பே புழக்கத்தில் உள்ளன. விவசாயியிடம் அரசு நெல் வாங்குவது கொள்முதல். சாலைக்காக இழப்பீடு தந்து கட்டாயமாக நிலம் எடுப்பது கையகப்படுத்தல். ஆகவே பால்ட்டிமோரில் நடந்ததைத் ‘துப்பாக்கிக் கொள்முதல்’ என்றும், ஆஸ்திரேலியாவில் நடந்ததை ‘இழப்பீட்டுடன் துப்பாக்கி கையகப்படுத்தல்’ என்றும் எழுதலாம். பின்னது நீளமானதுதான். ஆனாலும் கட்டாயம், இழப்பீடு ஆகிய இரண்டையும் மறைக்காமல் சொல்வதால் நான் அதையே பரிந்துரைக்கிறேன்.

கைத்துப்பாக்கி முதல் வேட்டைத் துப்பாக்கி வரை அனைத்தையும் சட்டநடையில் பொதுவாகக் குறிக்க ‘சுடுகலன்’ உதவும்.