பிரைட்டனில் கால் நனைக்கப் போகும் முன்

வெயில் அடிக்கும் சனி, ஞாயிறுகளில் லண்டன் விக்டோரியா ஸ்டேஷனில் பிரைட்டன் ரயிலுக்காக நிற்கும் கூட்டத்தில் நம் குடும்பங்களைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு பையில் புளியோதரை, இன்னொன்றில் மாற்றுத் துணி, தள்ளுவண்டியில் குழந்தை, ஊரிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மா. ஒரு மணி நேரப் பயணம். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் தெரு நேராகக் கீழே இறங்கும், முடிவில் கடல் தெரியும். பதினைந்து நிமிடம் நடந்தால் கரை.

நான் இங்கிலாந்தின் இந்தத் தென்கரையில் அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவர். காலை ரயிலில் சிரித்துக்கொண்டு வந்தவர்களில் ஒரு சிலரை மாலையில் நான் பார்க்க வேண்டியதாகிவிடுகிறது. அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "சும்மா கால் நனைக்கத்தான் இறங்கினோம்."

ஒரு மே மாதக் கடைசியில் வந்த பெரியவரை மறக்க முடியவில்லை. (யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) தஞ்சாவூர்ப் பக்கம், அறுபதைத் தாண்டியவர், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மகளும் பேரனும் கரையில் உட்கார்ந்திருக்க, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டு இறங்கியிருக்கிறார். ஒரு அலை முழங்காலில் அடித்தது. அது திரும்பும்போது காலடிக் கற்களையும் சேர்த்து இழுத்தது. அடுத்த அலையில் ஆள் உள்ளே. பக்கத்தில் நின்ற இரண்டு இளைஞர்கள் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது இரண்டு கம்பளிக்குள்ளும் பல் கிடுகிடுத்துக்கொண்டிருந்தது. நர்ஸ் ஈர பேன்ட்டை வெட்டி எடுத்தபோது, பாக்கெட்டிலிருந்து கூழாங்கற்கள் கலகலவென்று தரையில் கொட்டின. ஒரு கை நிறைய இருக்கும்.

"நான் காவேரியில எதிர்நீச்சல் போட்டவம்மா," என்றார். "தண்ணி ஒரு வாய்கூடக் குடிக்கல. ஆனா மூச்சு என் பேச்சைக் கேக்கல."

குளிர்நீர் அதிர்ச்சியை இதைவிடச் சரியாக எந்தப் பாடப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீர் உடம்பை மொத்தமாகத் தொட்டதும், தோல் சட்டெனக் குளிர்ந்து, நாம் கேட்காமலே நெஞ்சு ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நொடியில் வாய் தண்ணீருக்குள் இருந்தால், இழுப்பது காற்றில்லை, கடல். தொடர்ந்து மூச்சு தறிகெட்டு வாங்கும், இதயம் வேகமாக அடிக்கும், ரத்த அழுத்தம் எகிறும். முதல் அரை நிமிடம்தான் மிக மோசம். ஓரிரு நிமிடத்தில் தணிந்துவிடும். பலர் மூழ்குவது களைத்துப் போய் அல்ல, இந்த முதல் நிமிடத்தில்தான். நீச்சல் தெரியுமா தெரியாதா என்று அது பார்ப்பதில்லை.

நம் ஆட்கள் ஏமாறுவது காற்றின் சூட்டை நம்பித்தான். மே மாதத்தில் வெயில் 25 டிகிரி காயும், அதே நாளில் கடல் 12 டிகிரிப் பக்கம் இருக்கும். ஆகஸ்டில்கூட 17, 18தான். சென்னைக் கடல் 25க்குக் கீழே போவதே அபூர்வம். மெரினாவில் நனைந்து பழகிய உடம்புக்கு இது வேறு கடல்.

கரையும் வேறு. நீர் நன்றாக வற்றினால் தவிர இங்கே மணலே தெரியாது, கரை முழுக்கக் கூழாங்கல். நீர் ஏறியிருக்கும் நேரத்தில் கரை சரிவாக இறங்கும். ஒரு அடி வைத்தால் கணுக்கால், அடுத்த இரண்டு அடியில் இடுப்பு. அலை உருண்டு வராமல் கரையிலேயே செங்குத்தாக விழும். ஈரப் புடவையோடும் ஜீன்ஸோடும் அந்தச் சரிவில் ஏறி வருவது எவ்வளவு சிரமம் என்று ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கல்லில் ரப்பர் செருப்பு மடங்கிக் கணுக்கால் எலும்பு முறிந்து வருகிறவர்கள் தனிக் கணக்கு. தண்ணீரிலும் போடக்கூடிய வார் செருப்பு ஒன்று போட்டுக்கொண்டால் அதில் பாதி தப்பும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஊரை வளர்த்ததே ஒரு மருத்துவர்தான். 1750இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்பவர் கடல்நீர் நோய் தீர்க்கும் என்று லத்தீனில் எழுதினார். அன்று பிரைட்ஹெல்ம்ஸ்டன் என்று அழைக்கப்பட்ட இந்த மீனவ ஊருக்குப் பணக்காரர்கள் குளிக்க வந்தார்கள், பின்னாலேயே, பிற்பாடு நான்காம் ஜார்ஜ் மன்னரான இளவரசரும் வந்தார். அவருக்காகக் கட்டிடக் கலைஞர் ஜான் நாஷ் 1815 முதல் 1822 வரை கட்டிய, குவிமாடங்களும் மினார்களும் கொண்ட ராயல் பெவிலியன் அரண்மனைதான் இன்றும் ஊரின் அடையாளம். ஆனால் அந்தக் காலத்தில் அப்படிக் குளிக்க வந்தவர்களில் பலர் தனியாகக் கடலில் இறங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சக்கரம் வைத்த சின்ன அறையில் உட்கார வைத்துத் தண்ணீருக்குள் தள்ளிப் போவார்கள். 'டிப்பர்' எனப்படும் திடமான பெண்கள் கையைப் பிடித்து முக்கி எடுப்பார்கள். அவர்களில் பேர்போன மார்த்தா கன் செயின்ட் நிக்கோலஸ் தேவாலயத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கிறார். பாட்னாவில் பிறந்து, இங்கே நீராவிக் குளியலும் மசாஜும் செய்துகொடுக்கும் நிலையம் நடத்தி, 'ஷாம்பூ' என்ற சொல்லை இங்கிலாந்தில் பரப்பிய ஷேக் தீன் முகமதுவின் கல்லறையும் அதே தோட்டத்தில்தான். ஸ்டேஷனிலிருந்து ஐந்தாறு நிமிட நடை. நான் ஊர் சுற்றிக் காட்டும்போது முதலில் அங்கேதான் கூட்டிப் போவேன்.

அந்த டிப்பர் வேலையை இன்று செய்கிறவர்கள் மஞ்சள் சட்டை, சிவப்பு டிரவுசர் போட்ட லைஃப்கார்டுகள். பிரைட்டனில் மாநகராட்சியே அவர்களை நிறுத்துகிறது, மே இறுதியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை. மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என்று இரண்டு கொடிகள் நட்டிருப்பார்கள். இறங்குவதானால் அவற்றுக்கு நடுவில் மட்டும். முழுச் சிவப்புக் கொடி பறந்தால் அன்றைக்குக் கால் நனைப்பதும் வேண்டாம்.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2016 ஆகஸ்ட் 24 அன்று, இதே சசெக்ஸ் கரையில் கிழக்கே இருக்கும் கேம்பர் சாண்ட்ஸில், லண்டனிலிருந்து போன ஐந்து ஈழத்தமிழ் இளைஞர்கள் கடலில் இறந்தார்கள். அன்று அங்கே லைஃப்கார்டு ஒருவர்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் போட்டார்கள். அந்தக் குடும்பங்களைப் பற்றி நினைக்காமல் ஒரு கோடையும் எனக்குக் கழிந்ததில்லை.

சரி, தவறி உள்ளே போய்விட்டால்? கை கால் அடித்து நீந்தப் பார்க்காதீர்கள். மல்லாந்து, காது தண்ணீரில் முங்கும்படி தலையைப் பின்னால் சாய்த்து, கையை மெல்ல அசைத்து மிதந்திருங்கள். மூச்சு கட்டுக்குள் வந்த பிறகுதான் கூப்பிடுவதும் நீந்துவதும். 1824 முதல் இங்கே கடல் மீட்புப் பணி செய்யும் ராயல் நேஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன் ஊர் ஊராகச் சொல்லித் தருவதும் இதைத்தான். கரையில் நிற்பவர் பின்னால் குதிக்கக் கூடாது. மிதவை வளையமோ, மூடிய காலி பாட்டிலோ, மிதக்கும் எதையாவது வீசுங்கள். அவசர உதவி எண் 999க்கு அழைத்து, கடலோரக் காவல் பிரிவான 'கோஸ்ட்கார்டு' வேண்டும் என்று கேளுங்கள். ஆம்புலன்ஸ் அப்புறம் அவர்கள் மூலமாகவே வரும். மீட்கப்பட்டவரைப் படுக்க வைத்து, ஈரத் துணியை எடுத்துவிட்டு, உலர்ந்ததைச் சுற்றுங்கள். கை காலைத் தேய்த்துச் சூடாக்கவோ பிராந்தி கொடுக்கவோ வேண்டாம். தண்ணீர் மூச்சில் போனவருக்கு இருமல், மூச்சுத் திணறல், வழக்கத்துக்கு மாறான தூக்கம் இருந்தால், தெம்பாகத் தெரிந்தாலும் எங்களிடம் கொண்டுவாருங்கள். தொந்தரவு கொடுக்கிறோமே என்று தயங்கி ராத்திரி வரை காத்திருந்து வருகிறவர்கள் நம்மில் அதிகம்.

மற்றபடி, 1899இல் திறந்த, கடலுக்குள் நீளும் பாலஸ் பியர் நடைமேடையில் நடந்து பாருங்கள். குழந்தைகளை 1883 முதல் ஓடும் வோல்க்ஸ் மின்ரயிலில் ஏற்றுங்கள். பெவிலியனில் 1914 கடைசியிலிருந்து 1916 தொடக்கம் வரை காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு மருத்துவமனை நடந்தது. இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய்கூட இருந்தது. இந்த ஊர் மருத்துவமனைகளில் இறந்தவர்களில் 53 இந்து, சீக்கிய வீரர்களை எரியூட்டிய மேட்டில் 1921 முதல் 'சத்ரி' என்ற வெள்ளைச் சலவைக்கல் நினைவு மண்டபம் நிற்கிறது. ஊருக்கு வெளியே, புல்வெளி வழியே நடந்துதான் போக வேண்டும். போய்விட்டு வாருங்கள்.

அந்தப் பெரியவர் மறுநாள் வீடு திரும்பும்போது, இனிமேல் கால் நனைக்கவே கூடாதா என்று கேட்டார். நனைக்கலாம் ஐயா, நேரம் பார்த்து, என்றேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இங்கே கடல் ஆறு மீட்டர் வரை ஏறி இறங்கும். நன்றாக வற்றும்போது கற்சரிவு முடிந்து அடியில் தட்டையான மணல் வெளியே வரும். அன்றைய ஏற்ற வற்ற நேரம் போனிலேயே கிடைக்கும். கொடிகளுக்கு நடுவே, அந்த மணலில், கணுக்கால் அளவுக்கு. நீர் திரும்பி ஏறத் தொடங்கும்போது மேலே வந்துவிட வேண்டும். அவர் தலையாட்டிவிட்டு, மகளிடம் அடுத்த வற்றம் எத்தனை மணிக்கு என்று பார்க்கச் சொன்னார்.