எட்செட்ரா

போன வருஷம் கோடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க எஸ்டிமேட் வாங்கினேன். "பட்டி பார்த்தல், பிரைமர், இரண்டு கோட் பெயிண்ட், எட்செட்ரா" என்று எழுதி, கீழே மொத்தத் தொகை. வேலை முடிகிற நேரத்தில் ஜன்னல் கம்பிகளைக் காட்டினேன். "அது தனி சார்" என்றார் மேஸ்திரி. எட்செட்ராவில் கம்பியும் அடக்கம் என்று நான் நினைத்திருந்தேன். தரையில் சிந்தியதைச் சுரண்டித் துடைத்துத் தருவதைத்தான் அவர் நினைத்திருந்தார். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. அந்தச் சொல் அங்கே வந்திருக்கவே கூடாது.

இது லத்தீன். 'எட்' என்றால் 'உம்'. 'செட்டெரா' என்றால் 'மீதி உள்ளவை'. ஆக, 'மீதியும்' என்பதுதான் பொருள். 'உம்' உள்ளேயே இருப்பதால் 'அண்ட் எட்செட்ரா' என்று எழுதுவது தவறு. நாம் 'அண்ட்' என்று படிக்கும் & குறியே 'எட்' என்பதன் இரண்டு எழுத்துகளும் பின்னிக்கொண்ட வடிவம்தான். பழைய ஆங்கில நூல்களில் அந்தக் குறியோடு ஒரு 'சி' மட்டும் சேர்த்து எட்செட்ரா என்று அச்சிட்டிருப்பார்கள். இன்று இ, டி, சி, கடைசியில் ஒரு புள்ளி. 'எக்செட்ரா' என்று பலர் சொல்வதால் எழுதும்போதும் சி முந்திக்கொள்கிறது. 'உதாரணமாக' என்று தொடங்கிய பட்டியலின் முடிவில் இது வேண்டாம்; எல்லாவற்றையும் சொல்லவில்லை என்பது அங்கே முதலிலேயே தெரிந்துவிட்டது. ஆட்களின் பெயருக்குப் பின்னாலும் வேண்டாம். மனிதர்களை 'மீதி' என்பது மரியாதை இல்லை.

சரி, தமிழில்? 'இத்யாதி' வடமொழி. 'வகையறா' நம் 'வகை'யிலிருந்து வந்தது போலத் தோன்றும். ஆனால் அரபியில் பிறந்து உருது வழியாக வந்த சொல் அது. பத்திரத்திலும் வழக்குக் கட்டிலும் 'முருகேசன் வகையறா' என்று இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஆட்களுக்கு 'முதலியோர்', பொருள்களுக்கு 'முதலியன' என்று நாம் பிரித்தே வைத்திருக்கிறோம். 'இன்ன பிற'வும் நல்ல சொல்.

எனக்கு மிகவும் பிடித்தது தொல்காப்பியத்தில் இருக்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை அடுக்கிவிட்டு "அவ்வகை பிறவும்" என்று முடிக்கிறார் தொல்காப்பியர். வெறும் 'பிற' இல்லை, அந்த வகையைச் சேர்ந்த பிற. எட்செட்ரா போடலாமா என்பதற்கு இதைவிடச் சரியான அளவுகோலை நான் பார்த்ததில்லை. 'இட்லி, தோசை, பொங்கல் முதலியன' என்றால் அடுத்தது வடையோ பூரியோ என்று படிப்பவரே நிரப்பிக்கொள்வார். பெயிண்டுக்குப் பிறகு என்ன வரும் என்பது யாருக்குத் தெரியும்?

பட்டியல் அங்கேயே முடிகிறது என்றால் 'ஆகிய'. மா, பலா, வாழை ஆகிய முக்கனிகள். மா, பலா, வாழை முதலிய பழங்கள். முதலாவதில் நான்காவது கனிக்கு இடமில்லை, இரண்டாவதில் கொய்யாவும் நுழையலாம். இந்த வருஷம் மொட்டை மாடி வேலைக்கு அதே மேஸ்திரியைத்தான் கூப்பிட்டேன். அவர் சொல்லச் சொல்ல எஸ்டிமேட்டை நானே எழுதினேன்: "பழைய ஓடு பெயர்த்தல், நீர்க்கசிவுப் பூச்சு, புது ஓடு பதித்தல் ஆகிய மூன்று வேலைகள். கைப்பிடிச் சுவர் தனி."